மூன்றாம் எண் வீடு

யூட்டா, உப்புப் பாலை, நாற்பத்து மூன்று

செக்கில் மாமனார் கையெழுத்தைப் போட்டதற்கு
நாலு வருஷம்.
தச்சு தெரியுமா என்றார்கள்.
தெரியும் என்றேன்.
லாரியில் ஏற்றினார்கள்.

ஊரே இல்லாத இடத்தில்
இரண்டு ஊர் கட்டினோம்.
கிழக்கே ஜெர்மனி. மேற்கே ஜப்பான்.
நடுவில் ஒரு கழிப்பறை,
அது மட்டும் அமெரிக்கா.

ஜெர்மனிக்குத் தடித்த உத்தரம், ஓட்டுக்கூரை,
சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் துணி அலமாரி.
தொட்டிலும் வந்தது, தலையணையோடு.
அங்கே மழை அதிகமாம்.
மரம் அந்த ஈரத்தில் இருந்தால்தான்
கணக்குச் சரியாக வருமாம்.
காலையும் மாலையும் குழாயைப் பிடித்து
கூரைக்கும் தளத்துக்கும் தண்ணீர் காட்டினார்கள் சிப்பாய்கள்.
எங்களுக்கு ஆளுக்கு இரண்டு குவளை.
டெல்மர் ஹக்கின்ஸ் சுவரோரம் போய்
ஒழுகும் ஜெர்மனியை நக்கிக் குடித்தான்.

சினிமாவுக்கு வீடு போடுகிற ஆள் ஒருவர்
மேற்பார்வைக்கு வந்திருந்தார்.
"படத்தில் கேமரா பார்க்கிற பக்கம் செய்தால் போதும்.
இதை எல்லாப் பக்கமும் செய்யுங்கள்.
நெருப்பு பின்பக்கமும் பார்க்கும்" என்றார்.

ஜப்பான் லேசு.
காகிதக் கதவு, மெல்லிய சட்டம்,
ஹவாயிலிருந்து கப்பலேறி வந்த கோரைப்பாய்,
முழங்கால் உயரத்தில் சாப்பாட்டு மேசை.
அதன்மேல் சாப்பிடும் குச்சிகளை
நான்தான் வைத்தேன்.
எத்தனை பேர் வீடு என்று கேட்டேன்.
லெப்டினன்ட் காகிதத்தைப் புரட்டினார்.
அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.
ஐந்து ஜோடி வைத்தேன்.
எங்கள் வீட்டில் ஐந்து பேர்.

குண்டு போடும் நாளில் எங்களையும்
பதுங்குகுழியில் உட்கார வைப்பார்கள்,
முடிந்ததும் குப்பை அள்ள வேண்டுமே.
கூரையைத் துளைத்து விழுந்த குழாய்
சற்று நேரம் சும்மா கிடக்கும்.
பிறகு பக்கவாட்டில் துப்பும்,
காலுறை போல ஒரு துணிப்பையை.
அதற்குள் இருக்கும் பாகு
எங்கே ஒட்டியதோ அங்கேயே நின்று எரியும்.
கடிகாரக்காரன் நிமிஷம் சொல்லிக்கொண்டே வருவான்.
ஆறுக்குள் கைமீறிப் போனால்
முதல் தரம்.
தச்சன் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழும்.
ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது.
வெட்கம் அப்புறம்தான் வந்தது.

அணைப்பார்கள். அளப்பார்கள். படம் எடுப்பார்கள்.
திங்கள்கிழமை மறுபடியும் மரம் வரும்.

ஆகஸ்டில் ஒரு நாள் லாரி வரவில்லை.
உப்புப் புயல். கண்ணைத் திறந்தால் கத்தி.
காவலன் ஈவர்ட் எங்களைத் துரத்தி
மூன்றாம் எண் வீட்டுப் பக்கம் தள்ளினான்.
வாசலில் தேய்ன் பெக்ஸ்டெட் கையை நீட்டி மறித்தான்:
"பூட்ஸைக் கழற்றுங்கடா."
ரயில் பாதையில் ஜப்பான்காரர்களோடு
ஆறு வருஷம் சம்மட்டி பிடித்தவன்.
அவன் கூட்டாளி இப்போது தெற்கே,
முள்வேலிக்குள், தார்க்காகிதக் கொட்டகையில்
பெண்டாட்டி பிள்ளைகளோடு.
"அங்கே பாய் கிடையாதாம்" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.

ஏழு கைதிகள், ஒரு காவலன்,
பதினாறு பூட்ஸ் வரிசையாக.
துப்பாக்கியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஈவர்ட் அதை மேசைமேல்
குச்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.
பாயில் காய்ந்த புல் வாசம்.
காகிதம் காற்றில் உப்பியது, அடங்கியது, கிழியவில்லை.
நான் போட்ட இணைப்பு ஒன்றுகூட முனகவில்லை.
சிறைக்கு வந்தபின் அப்படித் தூங்கியதில்லை.

புதன்கிழமை. நாலரை நிமிஷம்.
அறிக்கையில் 'ஆளில்லா வீடு' என்றிருந்தது.

டெல்மரின் காலுறை ஒன்று உள்ளேயே போய்விட்டது.
கம்பளி, அவன் அக்கா பின்னியது.
சாம்பல் அள்ளும்போது மண்வெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினான்.
"எழுதிக் கொடு, புதுசு தருவார்கள்" என்றான் ஈவர்ட்.
காணாமல் போன இடம் என்ற வரிக்கு வந்ததும்
பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

திங்கள்கிழமை மரம் வந்தது.
ஐந்து ஜோடிக் குச்சி கேட்டேன்.
நாலுதான் இருக்கிறது என்றார்கள்.