நாலு சீற், நடுவில மேசை

வதனி மச்சாள் பாசலில் இருந்து
குரல் அனுப்பியிருந்தாள்:
"வீண் செலவு. புதன்கிழமை சனம் குறைவு.
ஏறினா இடம் கிடைக்கும்."
பின்னால் வெங்காயம் வதங்கும் சத்தம்.

அண்ணன் கொலோனில் இருந்து
எழுத்தில் மட்டும்:
"புக் பண்ணு.
பெட்டியும் பிள்ளைகளுமா கக்கூஸ் கதவடியில
நாலு மணித்தியாலம் நிண்டு பார்,
மறுகா தெரியும்."

நான் கல்லடியில்.
இரவு பத்தே முக்கால்.
மின்விசிறிக்குக் கீழே இருந்து
போனில் ஒரு றெயில் பெட்டியின்
வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
சாம்பல் சதுரம் என்றால் யாரோ எடுத்துவிட்டார்கள்.
பச்சை என்றால் காலி.
வரம்பு கட்டி, இன்னும் விதைக்காத
வரவைகள் போல வரிசையாய்.

ஒரு சீற்றுக்கு ஐந்து யூரோவும் சில்லறையும்.
நாலு பேர்.
தபால் கந்தோரில் பதினெட்டு வருசமாய்
மற்றவர்களின் காசை எண்ணும் கை
தானாகப் பெருக்குகிறது:
கிட்டத்தட்ட ஒரு மூடை நெல்.

"டிக்கற் காசு ஏறுறதுக்கு.
இது இருக்கிறதுக்கு," என்றேன் அவரிடம்.
சனி விடியப்புறம் இரவு றெயிலில் வந்து இறங்கி
ஞாயிறு இரவு அதே றெயிலில் திரும்பிப் போகும் மனிசன்
சிரித்தார்.
"கோட்டையில பிளாட்பாரத்தில நிண்டுகொண்டு
யன்னலால கைலேஞ்சி எறிஞ்சு
இடம் பிடிச்சவன் நான்.
வெள்ளைக்காரன்ட றெயிலுக்குப் பயப்பிடுறதா?"

அங்கே கைலேஞ்சியைக்
குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்,
என்றான் கிதுர்ஷன்.
ஒன்பது வயது.
அவனுக்குத் தெரியவேண்டியது
மேசையில் சார்ஜ் போட ஓட்டை இருக்குமா என்பது மட்டும்.

சனோஜிதா ஒன்றும் சொல்லவில்லை.
ஓ.எல். முடிவு வந்த நாளில் இருந்து
தகப்பனோடு அவள் கதைப்பதெல்லாம்
என் ஊடாகத்தான்.
"அப்பாட்டச் சொல்லுங்க, நான் கலைதான் படிப்பன்."
"அவளிட்டச் சொல்லு, கணக்கு எடுத்தா நல்லம்."
நடுவில் நின்று முத்திரை குத்திக் குத்தி
நான் கடிதம் மாற்றுகிறேன்.
விலாசதாரர் ஏற்க மறுத்தார் என்று
திரும்பி வருவதும் உண்டு.

எங்கள் வீட்டிலும் மேசை இருக்கிறது.
நாலு கதிரை.
ஒன்றில் மடிக்காத உடுப்பு,
ஒன்றில் அவளின் கொப்பிகள்,
ஒன்று கால் ஆடுவதால் சுவரோடு.
மிச்சம் ஒன்றில் நான்.
நாலு பேரும் அதில் ஒன்றாய் இருந்த நாளைத்
தேடிப் பார்த்தேன்.
போன வருசம், கரண்ட் போன ஓர் இரவு.
அதுவும் மெழுகுதிரி ஒன்றுதான் இருந்ததால்.

வரைபடத்தை விரலால் பெரிதாக்கினேன்.
பெட்டியின் நடுவே
இரண்டுக்கு இரண்டு, எதிரெதிராய்,
இடையில் ஒரு மேசை.
நாலும் பச்சை.

புக் பண்ணாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியும்:
அவர் ஒரு மூலையில் நித்திரை,
அவள் அடுத்த பெட்டியில் காதை அடைத்துக்கொண்டு,
சின்னவனும் நானும் சூட்கேசுகளுக்குக் காவல்.
அப்படிப் போவதற்கு ஐரோப்பா எதற்கு?
ஏறாவூர் வரை போனால் காணும்.

நாலு மணித்தியாலம்,
முழங்காலோடு முழங்கால் முட்ட.
காசு கட்டின கதிரையை விட்டு
எழும்பிப் போகவும் யாருக்கும் மனம் வராது.

விரல் வைத்தேன்.
ஒரு சதுரம் நீலமானது.
இரண்டாவதும்.

தோளுக்குப் பின்னால் மூச்சு.
எவ்வளவு நேரமாய் நின்றாளோ.
"அது பின்பக்கமாப் போற சீற், அம்மா.
அப்பாக்குத் தலை சுத்தும்.
அதை எனக்குப் போடுங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.
குசினி லைற் எரிந்து, அணைந்தது.

மாற்றிப் போட்டேன்.
மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டிருக்கிறது,
இன்னும் ஏழு நிமிசம்.
விசா வரவில்லை.
பாலத்தால் யாரோ மோட்டார் சைக்கிளில் போகிறார்கள்.
உள் அறையில் அவரின் குறட்டை.
ஆணியில் தொங்கும் கால்சட்டைப் பைக்குள்
காட்டைத் தேடிக் கைவிட்டேன்.

முதலில் வந்தது
கைலேஞ்சி.