விடுதலைப் பத்திரம்

பதினோரு வருஷமாகத் திரையின் வலது மூலையில்
ஒரு வரி நின்றது:
இந்தப் பிரதி அசலானதல்ல.

அதற்குக் கீழேதான்
ஜாப் ஒர்க் பில் போட்டேன்,
கரண்ட் பில் கட்டினேன்,
கோகுலின் பத்தாம் வகுப்பு மார்க்கைப்
பயந்து பயந்து பார்த்தேன்.
காலையில் பெட்டியைத் திறந்ததும்
யாரோ என்னைத் திருடி என்று
மரியாதையாகச் சொல்வது பழகிவிட்டது.

நான் செய்வது லேபிள் தைக்கிற வேலை.
கருவம்பாளையத்தில் நாலு மிஷின், ஒரு செக்கிங் டேபிள்.
காலர் பட்டியில் என் ஊசி இறங்கினால்
அது பாரிஸ்காரன் சட்டை.
கப்பல் ஏறாமல் திரும்பினால்
அதே லேபிளைக் கத்தரித்துக்
காதர்பேட்டையில் நூற்றிருபது ரூபாய்.
துணி ஒன்று, நூல் ஒன்று, தைத்த கையும் ஒன்று.
எது அசல் என்று
என்னிடமா சொல்ல வருகிறாய்?

ஆடிக் கடைசியில் பெட்டி வேறொன்று சொன்னது:
இந்தக் கணினி தகுதியற்றது,
புதியது வாங்கவும்.

ஓவர்லாக் ஓட்டுகிற பிபின் நாயக்
பர்ஸிலிருந்து பென் டிரைவை எடுத்தான்.
'லினக்ஸ், அக்கா. ஃப்ரீ.'
இலவசமா, அப்படியென்றால் உருப்படாது என்றேன்.
காசைச் சொல்லவில்லை என்று கையை ஆட்டினான்.
கட்டாக்கிலிருந்து வந்து மூன்று வருஷம்,
அவன் தமிழில் அதற்குச் சொல் இல்லை.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
முன்னாலிருந்த பண்டலின் கயிற்றை
டிரிம்மரால் அறுத்தான்.
ஐம்பது பீஸும் சரிந்து பரவின.
'கட்டு இல்லே, அக்கா.'

அடுக்கி வைக்க இருபது நிமிஷம் ஆனது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து
எல்லோரும் போன பிறகு செருகினேன்.
மொழிப் பட்டியலில்
இறங்கி இறங்கித் தமிழ் வந்தது.
பிறகு ஒரு கேள்வி:
பழையதன் பக்கத்தில் நிறுவவா,
முழு வட்டையும் அழித்து நிறுவவா?
இரண்டு நிறத்தில் ஒரு பட்டை,
நடுவில் இழுத்தால் நகரும் கோடு.
பொழியை இவ்வளவு சுலபமாக நகர்த்தலாமா!

அவிநாசி பத்திர ஆபீசில்
எந்தக் கோட்டையும் யாரும் எனக்குக் காட்டவில்லை.
'அம்மிணி, இங்கொண்ணு, அப்பறம் இங்கொண்ணு'
என்று விரல் வைத்த இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.
என் பங்குக்கு வர வேண்டியது
மூணே முக்கால் ஏக்கரா,
கிணற்றில் பாதி, அஞ்சு எச்.பி. சர்வீசில் பாதி.
வந்தது ஒன்றரைப் பவுன், ஒரு பட்டு,
பஸ் ஸ்டாண்டு எதிரில் அண்ணன் வாங்கித் தந்த
நெய் ரோஸ்ட்.
நான் எழுதிக் கொடுத்ததற்குப் பெயர்
விடுதலைப் பத்திரம்.
விடுதலையானது நானா நிலமா என்று
பத்திரம் எழுதியவரிடம் கேட்டிருக்கலாம்.
ரோஸ்ட் ஆறிவிடும் என்றார்கள்.

கோகுல் படங்களை நகலெடுத்து வைத்தேனா என்று
மூன்று முறை பார்த்தேன்.
பிறகு,
முழு வட்டையும்.

கணினிக்குப் பெயர் கேட்டது.
தமிழில் அடித்தால் ஏற்கவில்லை.
ஆங்கில எழுத்தைக் கூட்டி அடித்தேன்:
மூணேமுக்கால்.

விடிந்தால் பிரிண்டர் பேசவில்லை.
பழைய பில்கள் பழைய எழுத்துருவில் இருந்தனவாம்,
திறந்தால் பக்கம் பக்கமாகப் பூச்சி.
டெலிவரிக்கு வந்த டெம்போக்காரருக்கு
கையால் பில் எழுதிக் கொடுத்தேன்.
'என்னுங்க, கம்ப்யூட்டர் செத்துப்போச்சுங்களா?'
வாயைத் திறக்கவில்லை.
உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன் என்பதும் உண்மை.

மூன்றாம் நாள்,
அர்த்தம் தெரியாத ஒரு வரியை
எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்ததில்
பிரிண்டர் இருமிவிட்டுச் சோதனைத் தாளைத் துப்பியது.
அனுப்பிய கணினி என்ற இடத்தில்
அந்தப் பெயர்.

'அப்படின்னா என்ன, அக்கா?'
சைஸ் என்றேன்.
பிபின் தலையாட்டிவிட்டு மிஷினுக்குப் போனான்.

வலது மூலை காலியாக இருக்கிறது.
பழக்கத்தில் கண் இன்னும்
அங்கே போய்ப் போய் வருகிறது.