காரணம் என்ற கட்டம்

காலை நாலே முக்கால். கீழமாசி வீதி.
என் கைகள் மடியில் இருக்கின்றன.
அப்படி வைத்திருக்கத்தான் சம்பளம்.
பதினோரு வருடம் பள்ளி வேன் ஓட்டியவளுக்குச்
சும்மா உட்கார மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள்.
கால் மட்டும் கேட்கவில்லை,
திருப்பம் வந்தால் வெறுந்தரையை மிதிக்கிறது.

போன செவ்வாய் யானைக்கல்லில்
டிராபிக் போலீஸ் கண்ணாடியைத் தட்டி லைசென்ஸ் கேட்டார்.
நீட்டினேன்.
'ஒன்னோடது இல்லம்மா, ஓட்டுறது யாரு, அதோடது.'

சத்தமே கிடையாது இந்த வண்டிக்கு.
தேர்முட்டிப் பக்கம் படுத்திருந்த நாய்
டயர் மூக்கருகே நின்ற பிறகுதான் எழுந்தது,
குரைக்கலாமா என்று யோசித்தது.

பின்சீட்டில் நிகேத், புனேக்காரன், மடியில் லேப்டாப்.
மதுரைக்கென்று அவன் வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்:
இங்கே யாரும் சிக்னல் பார்த்துக் கடப்பதில்லை.
கையைக் காட்டுவார்கள்.
கை தெரிந்தால் நில்.

நின்றது.
பருப்பு மண்டி முக்கு.
திரையில் மஞ்சள் கட்டம்: பாதசாரி, ஒருவர்.

சவுக்குக் கம்பில் கட்டிய ஃப்ளெக்ஸ்.
கண்ணீர் அஞ்சலி. லோடுமேன் வீரணன், வயது நாற்பத்தாறு.
ஆளுயரத்துக்கு ஒரு சாண் கூடுதல்.
மச்சினன் கல்யாணத்தில் போட்டோக்காரனைப் பார்த்து
'என்னய எடுக்காதப்பா' என்று கையை நீட்டியபோது விழுந்த படம்.
வேறு படமே இல்லையாம்.
அதைத்தான் பெரிதாக்கியிருந்தார்கள்.

காற்றில் ஃப்ளெக்ஸ் உப்புகிறது.
அவர் காலை எடுத்துவைக்கப் போகிறார் என்று
வண்டி பிரேக்கை இன்னும் இறுக்குகிறது.

'ஃபால்ஸ் பாசிட்டிவ். எடுங்க மேடம்.'
இந்த ஊரில் அவன் கற்ற பத்துத் தமிழ்ச் சொல்லில் 'எடுங்க'வும் ஒன்று.
எடுத்திருக்கலாம். இரண்டு விரல் போதும்.
என் கை மடியிலேயே கிடந்தது.

பின்னால் பால் வேன் ஹாரன்.
துவரம்பருப்பு மூட்டையோடு போன ஒருத்தர்
பாரத்தை இறக்காமலே நின்றார்.
'திரும்பிப் பாக்காம ரிவர்ஸ் எடுத்தான் ஒருத்தன்,
இதே எடந்தான்.
இத யாருமே ஓட்டல. நிக்கிது பாரு.'
என்னிடம் சொன்னாரா,
வீரணனிடமா, தெரியவில்லை.

இரண்டு பேர் வந்து கம்போடு தூக்கி
அவரைச் சுவர் பார்க்கத் திருப்பிவைத்தார்கள்.
முதுகு முழுக்க வெள்ளை.
வண்டி உடனே கிளம்பிவிட்டது.

விளக்குத்தூண் வந்ததும் திரை கேட்டது:
நின்ற நேரம் ஆறு நிமிடம். காரணம்?
'ஒருவர் கடக்கக் காத்திருந்தோம்' என்று அடித்தேன்.
நிகேத் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.
அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.