ஈரப்பதம்

ஐம்பத்திரண்டு வயதில்
கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்று
அடுத்து என்ன என்று என்னைக் கேட்டாள்.
லைட்டர் கையில்தான் இருந்தது.
விளையாடுகிறாள் என்று சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

மங்கையர்க்கரசி,
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
இருபத்தோரு குறுவை, இருபத்தோரு சம்பா.
ஒரு கை நெல்லை அள்ளி
மீட்டர் காட்டும் முன்பே
பதினெட்டு என்பாள், இருபது என்பாள்.
பதினேழுக்கு மேல் போனால் எடுக்கக்கூடாது.
கெஞ்சியிருக்கிறார்கள், ஏசியிருக்கிறார்கள்,
ஒருவர் வீட்டு வாசலில் வாழைத்தாரையே
வைத்துவிட்டுப் போனார்.
சைக்கிளில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவன் நான்.
அவள் எண்ணை மாற்றியதில்லை.

எண்கள்தான் முதலில் போயின.
பிறகு கிழமைகள்.
பிறகு பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது.
மகளின் பெயர் போன அன்று
வீடியோ காலில் மகளே அதைச் சொல்லிக்கொடுத்தாள்,
மூன்று தடவை, டீச்சர் மாதிரி,
இ ள வே னில் என்று.
போனை வைத்ததும் அழுதிருப்பாள்.
நான் கேட்கவில்லை.

"இந்த வயசுல வர்றது கொஞ்சம் வேகமா போகும்"
என்றார் தஞ்சாவூர் டாக்டர்.
மன்னார்குடி பஸ்ஸில் திரும்பும்போது
நீடாமங்கலத்தில் கேட் விழுந்துவிட்டது.
இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
நாற்பது நிமிடம்.
ஜன்னல் வழியே வெள்ளரிப்பிஞ்சு வாங்கினாள்.
பாதியை ஒடித்து எனக்குத் தந்தாள்.
மிளகாய்ப்பொடி அவள் உதட்டோரம்.
இந்த கேட் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தேன்.
சொன்னால் அந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி என்கிறார்கள்.
இல்லை.
ஐப்பசி மழையில் ஓர் இரவு
பதினோராவது தடவையாக
"வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.
இதுதான்டி வீடு என்று கத்தினேன்.
புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.
பக்கத்து வீட்டில்
டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

இப்போது, வீட்டுக்குப் போகலாம் என்றால்
செருப்பை மாட்டிவிடுகிறேன்.
பாமணியாற்றுக் கரையோடு மதகு வரை நடக்கிறோம்.
திரும்பி வந்து அதே கதவைத் திறக்கிறேன்.
"வந்துட்டமா?"
வந்துட்டோம்.

அழுவதற்கு எனக்கு ஓர் இடம் உண்டு.
வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை.
காயில் கட்டி முடித்த அஞ்சு ஹெச்.பி. மோட்டாரைச்
சோதனைக்கு ஓடவிட்டால்
பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது.
வேலைக்கு இருக்கும் ரத்தினசபாபதி
அந்த நேரம் பார்த்து டீ வாங்கப் போய்விடுவான்.
இப்போதெல்லாம், ஒழுங்காக ஓடிய மோட்டாரையும்
இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாமாண்ணே
என்று அவனே கேட்கிறான்.

நேற்று கரண்ட் இல்லை.
அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.
கிட்டே வந்தாள்.
இரண்டு விரலால் என் கன்னத்தைத் தொட்டு
கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள்.
"இருபத்திரெண்டு. எடுக்க முடியாது.
காயவச்சுக் கொண்டாங்க."

கெஞ்சலாமா என்று ஒரு நொடி நின்றேன்.

மாடிக்குப் போய்
துவைத்துப் போட்ட அவள் நைட்டிகளுக்கு நடுவே
தை வெயிலில் நின்றேன்,
கன்னம் இறுகும் வரை.
கீழே வந்து அவள் நாற்காலிக்கு எதிரே
வரிசையில் நின்றேன்.
முன்னால் யாரும் இல்லை.
ஆனாலும் நிமிர்ந்து பார்க்க நேரமானது.

தொட்டுப் பார்த்தாள்.
"ம். யார் பேருல பட்டியல்?"

என் பெயரைச் சொன்னேன்.
அப்பா பெயர், ஊர், தெரு.
ஒரு குழி நிலம் இல்லாதவன்,
வாய்க்கு வந்த சர்வே எண்ணையும் சொன்னேன்.
எழுதிக்கொண்டாள்,
தொடைமேல், வெறும் விரலால்.