ஏழாம் லெவல்

ஏழாம் லெவல் நீருக்கடியில்.
"ஈரமாக ஒலிக்கட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.
சிந்தசைசரில் இருந்த தண்ணீரெல்லாம்
குளியலறைக் குழாய்.

பாலாற்றின் நடுவில்
முனவ்வர் ஆட்டோவை அணைத்தான்.
எவர்சில்வர் தட்டில் ஒரு பிடி மணலை
மெல்ல உதிர்த்தேன்; மைக்கைப் பிடித்துக்கொண்டான்.
மேலே, பாலத்தில், காட்பாடி பஸ்ஸின் ஹாரன்.
மறுபடி.
மறுபடி.

ராத்திரி சாம்ப்ளரில்
இரண்டு ஸ்தாயி கீழே இறக்கியதும்
மணல் கனத்தது, சுழித்தது,
பத்தொன்பதாம் நொடியில் தன் வாலைத் தானே கவ்வியது.
ஹாரனின் நுனி ஒன்று வெட்டுக்குத் தப்பித்
திமிங்கிலமாகிவிட்டிருந்தது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரண்ட் போய் வந்தது. அனுப்பினேன்.

"எந்த ஆறு?" என்று கேட்டார்கள்.
பெயரை எழுதினேன்.

இந்நேரம் எங்கோ ஒரு பொடியன்
பாலாற்றில் மூழ்கி
மூன்றாவது உயிரையும் விடுகிறான்.