மாட்டுக் கயிறு

எங்களிடம் சங்கிலி இல்லை.
மாடு கட்டுற கயிறுதான்.
அதைக் கொண்டுவந்து
மேசையின் நாலு காலையும் சுற்றி இறுக்கினார் தவபாலன்.
தைப்பொங்கலுக்கு இன்னும் எட்டு நாள்.

"ஏன், மேசை ஓடிப்போயிடுமோ?"
விசுவமடுவில் மாடு ஓடும்,
வேலி பாய்ந்து ஆடு ஓடும்,
சீட்டுக்காசு கட்டாத மனுசர் ஓடுவினம்.
மேசை ஓடி நான் காணவில்லை.

பிறகுதான் சொன்னார்.
பிரான்சுக்கென்று வெளிக்கிட்டவரை
ஏஜென்சிக்காரன் இடைவழியில் இறக்கிவிட்ட மலை.
கார்பாத்தியாவாம். ருசின் சனமாம்.
விறகு பிளக்க ஆள் தேடிய ஒரு வீட்டில்
இரண்டு பனிக்காலம்.
ஒன்பது வயசுப் பரஸ்கா
மேசைக்கடியில் ஊர்ந்து போய்க் காட்டினாளாம்:
சங்கிலி இப்படி வரவேணும், பூட்டு உள்பக்கம்,
வருசம் முழுக்க வீட்டுச்சனம் சிதறாது.
இதுகூடத் தெரியாத பெரிய மனுசன் என்று சிரித்தாளாம்.
அந்தப் பாஷையில் இவருக்கு
தண்ணி, உப்பு, விறகு, நன்றி.
சிரிப்பு மட்டும் முழுசாய் விளங்கியதாம்.

மேசைக்குக் கீழே வைக்கோல் பரப்புவினமாம்.
எங்களிடம் இல்லாத வைக்கோலா.
உள்ளியைத் தேனில் தொட்டுத் தின்பினமாம்.
அண்ணன் காட்டில் எடுத்த தேன் போத்தலில் இருந்தது.
நான் முகம் சுளித்தேன்,
ஆரூரன் நாலு பல்லுத் தின்றான்.
வராத ஆளுக்கு ஒரு கோப்பை வைப்பினமாம்.
அதை எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஐந்து தை கட்டினார்.
ஆறாவது தையில் பொங்கல் இல்லை.
உழவு மெசினில் பாய், பானை, பிள்ளைகள்.
மேசைக்கு இடமில்லை.
"கட்டை அவிழ்க்காதை" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்தபோது
கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை.
மேசையும் இல்லை.
கயிறு கிடந்தது.
வெட்டவில்லை, முடிச்சும் குலையவில்லை.
ஆரோ மேசையைத் தூக்கி
கயிற்றைக் கீழால் உருவி விட்டிருக்கிறான்.
நிலத்தில் ஒரு வளையம்,
உள்ளே நாயுண்ணிச் செடி.

நாலு பேர் போனோம், நாலு பேர் வந்தோம்.
அண்ணன் வரவில்லை.
அவன் வேறு வீடு, வேறு அடுப்பு,
அந்தக் கட்டுக்குள் அவனை
நாங்கள் கணக்கெடுக்கவில்லை.
தவபாலன் அதன்பிறகு கயிற்றைத் தொடவில்லை.
தையில் இந்த நாள் வந்தால்
வாய்க்கால் பார்க்கப் போய்விடுவார்.

நான்தான் கட்டுகிறேன்.
பரஸ்காவின் முடிச்சு எனக்கு வராது,
கன்று கட்டுற முடிச்சுத்தான் கை போகிறது.
தேன் கடையில் வாங்கினது, பாதி சீனிப்பாணி.
அண்ணன்ர கதிரையின் ஒரு காலையும்
இம்முறை சேர்த்துச் சுற்றினேன்.
நிறுவனம் தந்த பிளாஸ்டிக் மேசை.
இறுக்கினால் கால் வளைகிறது.
கொஞ்சம் இளக்கித்தான் கட்ட வேண்டியிருக்கிறது.