இரண்டு பிக்சல் கீழே

கௌனாஸில் பிப்ரவரி. நெமுனாஸ் ஆற்றில்
பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசிப் போகும் சத்தம்
மூன்றாம் மாடி வரை கேட்கிறது.
ரிம்கைலே பகலில்
டிராலிபஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிறவள்.
இரவில், சம்பளமில்லாமல்,
யாருக்கும் சொந்தமில்லாத ஓர் உரைதிருத்திக்கு
ஒட்டுப் போடுகிறவள்.

இன்றைய புகார் பானெவெஷிஸிலிருந்து.
வைதோதாஸ், நோட்டரி அலுவலக எழுத்தர்:
அடிக்கோடிட்டால் எழுத்தின் வால் காணாமல் போகிறது.

அவர்கள் மொழியில் சில உயிரெழுத்துகளுக்கு
அடியில் ஒரு சின்னக் கொக்கி.
எப்போதோ மூக்கால் ஒலித்ததாம்.
இப்போது ஒலி கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.
பொருள் மட்டும் இன்னும் அதில்தான் தொங்குகிறது.
கொக்கி இருந்தால் சகோதரர்களுடைய.
இல்லையென்றால் சகோதரனோடு.
உயில் ஒன்றில் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்.
கோடு கொக்கியை விழுங்க,
ஒரு வீடு
மூன்று பேர் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அச்சில் சரியாகத்தான் வருகிறது, என்று எழுதியிருந்தார்.
ஆனாலும் திரையைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை.
நாளைக்கு நாற்பது தடவை
இருக்கிற கொக்கியை அழித்து
மறுபடி மாட்டுகிறேன்.

சிரித்தாள். சிரித்துவிட்டுத்
தன் திரையிலும் அதே சொல்லை அடித்துப் பார்த்தாள்.
போயிற்று.

முதல் ஒட்டு சுலபம்.
கோட்டை இரண்டு பிக்சல் கீழே இறக்கு.
இறக்கினாள்.
கொக்கி வந்தது, கோடு போனது.

மணி ஒன்று. ரேடியேட்டர் முனகுகிறது.
திரையை எட்டு மடங்கு பெரிதாக்கி
ஒவ்வொரு வரியாக மேலிருந்து இறங்கினாள்.
இல்லை. இல்லை. இல்லை.
கடைசி வரியில் மட்டும் கோடு
அலுங்காமல் கிடந்தது,
தனக்குக் கீழே யாருமில்லாத வரியில்.

தேநீரைக் கீழே வைத்தாள்.
ஒவ்வொரு வரியும் தன் முறை வந்ததும்
முதலில் தன் தரைக்கு வெள்ளையடிக்கிறது.
அகலத் தூரிகை.
மேல்வரி அப்போதுதான் இழுத்த கோட்டின் மேலும்
ஓர் இழுப்பு.
பகை ஒன்றுமில்லை. முறைதான் தப்பு.

ஆக, கோட்டைத் திருத்தக் கோடு எழுதினாள்
(தமிழில் இரண்டும் ஒரே சொல்.
அவளுக்கு இந்த வேடிக்கை தெரியாது):
முதலில் எல்லாத் தரையும். பிறகு எல்லா எழுத்தும்.
அதற்கும் பிறகே கோடு.
பெரிய எழுத்துருவில் கொக்கி இன்னும் நீளம்,
இரண்டு பிக்சல் போதவில்லை.
கொக்கி வரும் இடத்தில் கோடு நின்று,
தாண்டி, அப்புறம் தொடரட்டும்.
ஒன்றேகால் மடங்குத் திரையில்
கோடு ஏன் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிகிறது?
பின்னத்தை முழு எண்ணாக்கும் இடத்தில்
யாரோ விட்டுப்போன ஒரு கழித்தல் குறி.
அதையும் எடுத்தாள்.

நாலரைக்கு வைதோதாஸ் பதில்.
இந்த மனிதரும் தூங்குவதில்லை.
வால் வந்துவிட்டது, நன்றி.
ஆனால் கோடு இப்போது
பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கிறதே?

அந்த இடைவெளியில்தான் உங்கள் மூன்று சகோதரர்களும், என்று
அடித்தாள். அழித்தாள்.
ஆம், வேண்டுமென்றேதான், என்று அனுப்பினாள்.

மாற்றக் குறிப்பில் ஒரே வரி:
அடிக்கோடு, சிறு திருத்தம்.

ஜன்னலுக்குக் கீழே முதல் டிராலிபஸ்.
நாற்சந்தியில் மின்கம்பிகள் குறுக்கிடும் இடத்தில்
ஒரு சாண் மின்சாரமில்லை.
விளக்கு அணைந்து, ஓடி வந்த வேகத்திலேயே
அதைக் கடந்து
மறுபடி எரிந்தது.
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
இரண்டு நிமிடம் தாமதம்.